கல்வெட்டில் சேராத வரி

எமக்கு நெருக்கமான சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர் சென்ற மாரியில் லண்டனில் காலமானார். வயது 86. வேலையிலிருந்து ஓய்வு பெற்று இருபது வருடங்களுக்கு மேலாகியிருந்தது. மனைவி முன்னரே போய்விட்டார். மூன்று பிள்ளைகள், ஏழு பேரப்பிள்ளைகள். செத்தவீட்டுக்கு நல்ல சனம். ஊரில் அவர் கையால் வயிறு கிழித்துத் தைக்கப்பட்டவர்கள் மட்டும் பத்துப் பன்னிரண்டு பேர் அந்த மண்டபத்தில் நின்றிருப்பார்கள். ஒரு வயோதிபர் தன் கோட்டை விலக்கி, சேட்டுக்கு மேலால் தழும்பு இருக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டிவிட்டுத்தான் பொடியைப் பார்க்கப் போனார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடிக்கவேண்டும் என்று மகள் எம்மிடம் சொன்னார். நாம் மூவர். அவரை ஊரிலேயே அறிந்தவர்கள், இங்கேயும் அவர் வீட்டுக்குப் போய் வந்தவர்கள், அதோடு கொஞ்சம் எழுதுகிறவர்கள் என்பதால் அந்தப் பொறுப்பு எம்மிடம் வந்தது. "பெரிசா ஒண்டும் வேண்டாம் அங்கிள். அப்பா எங்களுக்காக வாழ்ந்தவர் எண்டதை மட்டும் வடிவா எழுதிவிடுங்கோ" என்றார்.

அந்த ஒரு வசனத்தை எழுதுவதற்கு எமக்கு மூன்று கிழமை பிடித்தது. அது ஏன் என்பதைப் பற்றியதுதான் இக்கட்டுரை. அவருடைய பெயரையும் அவர் வேலை செய்த ஊரின் பெயரையும் இங்கே எழுதவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்கு அது தேவையுமில்லை.

கல்வெட்டு என்ற இலக்கிய வடிவத்தைப் பற்றி யாராவது ஒருநாள் ஒழுங்காக ஆராய்ச்சி செய்யவேண்டும். முதற்பக்கத்தில் படம், பிறகு திதி வெண்பா, தேவாரம், வம்சாவழி, பிள்ளைகள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல், கடைசியில் நன்றி நவிலல். யாழ்ப்பாணத்தில் அச்சுக்கூடங்கள் பலவற்றுக்கு இதுவே அரைவாசிச் சோறு போட்டது. கடல் கடந்த பிறகும் இந்த வழக்கம் குறையவில்லை. வழுவழுப்பான தாளில் நான்கு வர்ணத்தில் வருகிறது, அவ்வளவுதான். நாம் எத்தனையோ கல்வெட்டுகளை வாசித்திருக்கிறோம். அவற்றிலே கெட்ட மனிதர் ஒருவரையும் கண்டதில்லை. எல்லோரும் அன்புக் கணவர்கள், பாசமிகு தந்தையர், ஏழைகளின் தோழர்கள். உயிரோடு இருந்தபோது வேலிச்சண்டையில் அயலவனின் மண்டையை உடைத்தவரும் அதிலே பரோபகாரிதான்.

இதைப் பொய் என்று சொல்லலாமா? அப்படிச் சொல்லிவிட எமக்கு மனமில்லை. கல்வெட்டை வாசிப்பவர்களுக்கு அதன் பாஷை தெரியும். கலியாண வீட்டில் 'சாப்பாடு நல்லாயிருக்கு' என்று சொல்வதை யாரும் சாட்சியமாக எடுப்பதில்லை அல்லவா. ஆகவே சாதாரணமாக எமக்கு இதிலே பிரச்சினை இல்லை. இந்த மனிதர் விஷயத்தில்தான் பிரச்சினை வந்தது. ஏனென்றால் மகள் எழுதச் சொன்ன வசனம் கல்வெட்டுப் பாஷை அல்ல. அது சொல்லுக்குச் சொல் உண்மை. அவர் தன் பிள்ளைகளுக்காகத்தான் வாழ்ந்தார். அதற்கு ஒரு விலை இருந்தது. அந்த விலையைக் கொடுத்தவர் எம்மில் ஒருவர்.

அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1938இல் பிறந்தார். கொழும்பில் மருத்துவம் படித்தார். பிறகு இங்கிலாந்துக்கு வந்து எப்.ஆர்.சி.எஸ். பட்டம் பெற்றுக்கொண்டு 1973இல் திரும்பிப் போனார். இதைக் கவனிக்கவேண்டும். தரப்படுத்தல் வந்து, தமிழ்ப் பெற்றோர் எல்லோரும் பிள்ளைகளை எங்கே அனுப்பலாம் என்று உலகப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. அவரோடு இங்கே பரீட்சை எழுதிய பலர் திரும்பவில்லை. அவர் திரும்பினார். கொழும்பில் தனியார் வைத்தியம் செய்து காணி வாங்கியிருக்கலாம். வடக்கில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். பதின்மூன்று வருடங்கள் அங்கே இருந்தார். அந்த வட்டாரத்தில் கத்தி பிடிக்கக்கூடிய ஒரேயொரு கை அவருடையது.

1983க்குப் பிறகு அந்த வேலை வேறு வேலையாகிவிட்டது. அதுவரை குடலிறக்கம், குடல்வளரி, மாடு முட்டியது, பனையால் விழுந்தது என்று வந்துகொண்டிருந்த ஆஸ்பத்திரிக்கு வெடிபட்டவர்களும் செல் துண்டு ஏறியவர்களும் வரத் தொடங்கினார்கள். இராமுழுக்க ஜெனறேற்றர் ஓட எண்ணெய் இராது. பெற்றோல்மாக்ஸ் பிடிக்க ஒருவர், ரோச் பிடிக்க ஒருவர். இரவிலே ஒரு இயக்கத்துப் பொடியனைக் கொண்டுவந்து கிடத்துவார்கள். அவனைச் சுட்ட மற்ற இயக்கத்துப் பொடியன் அடுத்த கட்டிலில் கிடப்பான். இருவருக்கும் தைத்தார். இராணுவம் அதற்காக விசாரித்தது, இயக்கங்களும் விசாரித்தன. 1986 சித்திரை, வைகாசியில் இயக்கங்கள் ஒன்றையொன்று தெருவில் வைத்து எரித்த நாட்களில் அவர் மூன்று நாள் வீட்டுக்குப் போகவில்லை என்று அங்கே வேலை செய்த தாதி ஒருவர் எமக்குச் சொன்னார்.

அவருடைய மூத்த மகனுக்கு அப்போது பதினைந்து வயது. பதினைந்து வயது ஆண்பிள்ளை என்றால் அந்த நாட்களில் அதன் கருத்து என்ன என்பதை இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. சுற்றிவளைப்பில் ஆமி கொண்டுபோகும். இல்லாவிட்டால் ஒருநாள் பள்ளிக்கூடம் போன பிள்ளை சைக்கிளைச் சந்தியில் சாத்திவிட்டுப் போய்விடும். 1986 ஐப்பசியில் அவர் குடும்பத்தோடு இங்கிலாந்துக்கு வந்துவிட்டார். அவருடைய இடத்துக்கு வேறொருவர் வரவில்லை.

1987 தையில் அரசாங்கம் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் அனுப்புவதை நிறுத்தியது. மாசியில் எம்மில் ஒருவருடைய தம்பிக்குச் செல் துண்டு பட்டது. பதினேழு வயது. ஏ.எல். படித்துக்கொண்டிருந்தவன், இயக்கத்தில் இல்லை. (இயக்கத்தில் இல்லை என்று எழுதாமல் எம்மவர் ஒருவருடைய சாவையும் எழுதமுடியாமற் போனதை என்னவென்று சொல்வது. இருந்திருந்தால் இரத்தம் குறைவாகவா போயிருக்கும்?) இடது விலாவுக்குக் கீழே ஒரு சின்னக் காயம், ஐம்பது சதக் குற்றியளவு. வெளியே இரத்தம் அதிகமில்லை. பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சேலைன் ஏற்றலாம், வயிற்றைத் திறக்க ஆளில்லை என்றார்கள். வான் பிடித்து, டீசல் தேடி, ஆமி இல்லாத பாதையால் சுற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற வழியில் தண்ணி கேட்டுக்கேட்டுச் செத்துப்போனான்.

தமையன் 1989இல் இங்கே வந்தார். டொக்ரர் இருக்கிற நகரம் எது என்று அவருக்குத் தெரியும். பத்து வருடமாக அந்தப் பக்கம் போகவில்லை.

இங்கே டொக்ரரின் நிலைமை எப்படி இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். 48 வயதில் வந்தவருக்குத் தன் துறையில் நிரந்தரமான இடம் கிடைக்கவில்லை. தன் மகன் வயதை நெருங்கிய இளைஞர்களுக்குக் கீழே நின்று கை கொடுத்தார். வட இங்கிலாந்தின் சிறு நகரங்களில் ஆறு மாதம், ஒரு வருடம் என்று ஒப்பந்த வேலை. இங்கே சத்திரசிகிச்சை செய்பவர்களை டொக்ரர் என்று அழைப்பதில்லை, மிஸ்டர் என்பார்கள். 1745 வரையில் லண்டனில் சத்திரசிகிச்சைக்காரரும் நாவிதரும் ஒரே சங்கத்தில் இருந்ததன் மிச்சம் அது. அவர் இதைச் சொல்லிச் சிரிப்பார். எங்கள் ஊரிலும் மருத்துவர் என்பது அந்தச் சாதிக்கு ஒரு பெயர்தான், பிள்ளைப்பேறு பார்த்தவள் மருத்துவச்சிதான், ஆனால் அந்த மருத்துவச்சியைத் திண்ணைக்கு மேலே ஏறவிடாமல் வைத்துக்கொண்டு பிள்ளையை மட்டும் அவள் கையில் வாங்கிய சனம் நாங்கள் என்பார். அவர் வெள்ளாளர். வெள்ளாளர் வாயிலிருந்து இதை நாம் அதிகம் கேட்டதில்லை.

பிள்ளைகள் மூவரும் நன்றாகப் படித்தார்கள். 2003இல் ஓய்வு பெற்றார். 2009இல் மனைவிக்கு மறதி நோய் தொடங்கியது. பராமரிப்பு இல்லத்துக்கு விட மறுத்துவிட்டார். ஏழு வருடம், 2016இல் அந்த அம்மா கண்மூடும் வரை, குளிப்பாட்டி, தலை இழுத்து, பொட்டு வைத்து, ஊட்டிவிட்டு எல்லாம் அவர்தான். வள்ளுவர் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில் வைத்தியத்தை நோயாளி, மருத்துவன், மருந்து, பக்கத்தில் நின்று பார்ப்பவன் என்று நான்காக வகுக்கிறார். "இவ்வளவு காலமும் நான் ரெண்டாவது ஆள். இப்பதான் நாலாவது ஆளின்ரை வேலை எவ்வளவு கஷ்டமெண்டு தெரியுது" என்று ஒருநாள் சொன்னார்.

அந்த நாட்களில்தான் எம்மில் அந்த ஒருவர் அவரிடம் கேட்டார். அதற்கு முன்னரும் வீட்டுக்குப் போய் வரத் தொடங்கியிருந்தார். அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. அன்று நாம் மூவரும் இருந்தோம். அம்மா கதிரையில் சுவரைப் பார்த்தபடி இருந்தார். பேச்சுவாக்கில் வந்தது போல அவர் தம்பியின் கதையைச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "நீங்கள் அங்கை இருந்திருந்தால் அவன் தப்பியிருப்பானோ, டொக்ரர்?" என்றார்.

நாம் எதிர்பார்த்த பதில் எல்லோரும் எதிர்பார்க்கக்கூடிய பதில்தான். எப்படியும் காப்பாற்றியிருக்க ஏலாது, காயம் அப்படிப்பட்டது, விதி. வைத்தியர்கள் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் சொல்லுகிற வார்த்தை. கேட்டவருக்கும் அது ஆறுதல், சொன்னவருக்கும் அது விடுதலை. டொக்ரர் அதைச் சொல்லவில்லை. கேள்வி கேட்கத் தொடங்கினார்.

"எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம். இதிலை."

"பட்டு எவ்வளவு நேரம் உயிரோடை இருந்தவன்?"

"நாலு மணித்தியாலத்துக்குக் கிட்ட."

"கதைச்சவனே?"

"ஓம். தண்ணி கேட்டவன்."

"மூத்திரத்திலை ரத்தம் போனதே?"

"இல்லை."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "மண்ணீரல். நாலு மணித்தியாலம் தாங்கியிருக்கிறான். உடனை திறந்து அதை எடுத்துவிட்டிருந்தால்... ஓம். காப்பாத்தியிருக்கலாம்" என்றார்.

அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்கவில்லை. பிள்ளைகளுக்காகத்தான் வந்தேன் என்று சொல்லவில்லை. எழும்பிப் போய் அம்மாவுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு வந்து ஊட்டத் தொடங்கினார். கை கொஞ்சம் நடுங்கியது. ஆனால் அது அப்போது எப்போதும் நடுங்குகிற கைதான், அதை வைத்து நாம் கதை கட்டக்கூடாது.

வெளியே வந்து காருக்குள் இருந்தபோது எமது நண்பர், "இவர் பொய் சொல்லியிருந்தால் நான் இனி இந்த வீட்டுப் படி மிதிச்சிருக்கமாட்டன்" என்றார். அதன்பிறகு அவர்தான் எம் மூவரிலும் அந்த வீட்டுக்கு அடிக்கடி போனவர். செத்தவீட்டில் பாடை தூக்கியதும் அவர்தான்.

இப்போது கேள்விக்கு வருவோம். டொக்ரர் வந்தது சரியா?

வில்லியம் கொட்வின் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1793இல் அரசியல் நீதி பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். அதிலே ஒரு உதாரணம் வருகிறது. அரண்மனையில் தீப்பிடித்துவிட்டது. உள்ளே இரண்டு பேர். ஒருவர் பெனலோன் என்ற பேராயர், ஆயிரக்கணக்கானோருக்கு நன்மை தந்த நூல்களை எழுதியவர். மற்றவர் அவர் வீட்டு வேலைக்காரப் பெண். ஒருவரைத்தான் மீட்கலாம். பெனலோனைத்தான் மீட்கவேண்டும் என்கிறார் கொட்வின். அந்த வேலைக்காரப் பெண் உன்னுடைய தாயாக, மனைவியாக இருந்தாலும் அப்படித்தான். 'என்னுடைய' என்ற சொல்லிலே அப்படி என்ன மந்திரம் இருக்கிறது என்று கேட்கிறார். பெரிய கூச்சல் எழும்பியது. 1796இல் வந்த பதிப்பில் வேலைக்காரப் பெண்ணை வேலைக்கார ஆணாகவும், தாயையும் மனைவியையும் தகப்பனாகவும் சகோதரனாகவும் மாற்றினார். தாயை எரியவிடுவதைத்தான் சனம் தாங்காது, தகப்பனென்றால் பரவாயில்லை என்று நினைத்தாரோ என்னவோ.

கொட்வினின் கணக்கின்படி பார்த்தால் டொக்ரர் செய்தது பிழை. மூன்று பிள்ளைகள் ஒரு தட்டில். ஒரு வட்டாரத்தின் காயம்பட்டவர்கள் எல்லோரும் மற்றத் தட்டில். தராசு எந்தப் பக்கம் சாயும் என்று பார்க்க அதிகம் படித்திருக்கத் தேவையில்லை. ஆனால் எமக்குக் கொட்வினின் உதாரணத்திலேயே ஒரு குறை தெரிகிறது. அவர் வெளியிலிருந்து மீட்கப் போகிறவனைத்தான் பார்த்துக் கேட்டார். எங்களுடைய கதையில் பெனலோனே தன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நெருப்புக்குள்ளால் வெளியே வருகிறார். வாசலில் நின்று அவரை மறித்து, நீர் ஆயிரம் பேருக்குப் பயன்படுகிறவர், பிள்ளையை என்னிடம் தந்துவிட்டுத் திரும்பி உள்ளே போம் என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? அதுவும் தானும் வெளியே ஓடி வந்து நிற்கிற ஒருவனுக்கு?

கொட்வினின் கதை அதோடு முடியவில்லை. மேரி வுல்ஸ்ரன்கிறாவ்ற்றை அவர் 1797இல் மணந்தார். அதே ஆண்டு ஆவணியில் பெண்குழந்தை பிறந்தது. நஞ்சுக்கொடி இறங்கவில்லை, வைத்தியர் ஒருவர் வந்து கையை விட்டுத் துண்டு துண்டாக எடுத்தார். கைகளைக் கழுவவேண்டும் என்று வியன்னாவில் செம்மல்வைஸ் சொல்வதற்கு இன்னும் ஐம்பது வருடங்கள் இருந்தன. புரட்டாதி 10ஆம் திகதி மேரி காய்ச்சலில் இறந்தார். அடுத்த ஆண்டே கொட்வின் மனைவியைப் பற்றி ஒரு நினைவு நூல் எழுதினார். எங்கள் கல்வெட்டு மாதிரியல்ல. அவருக்கு முன்பிருந்த காதலை, கலியாணமில்லாமல் பெற்ற பிள்ளையை, தற்கொலை செய்ய முயன்றதை எல்லாம் எழுதினார். நேசித்ததால்தான் எழுதினார். இருந்தும் அந்த நூலின் பிறகு மேரியின் பெயரைச் சொல்லவே நல்ல குடும்பங்கள் கூசின. பெண்களின் உரிமைக்காக அவர் எழுதியவற்றையும் சேர்த்து ஒதுக்கிவைத்தன. உண்மை சொன்ன கணவனால் மனைவியின் பெயர் நீண்டகாலம் இருட்டில் கிடந்தது. இன்னொரு வருடத்தில், 1799இல், தான் எழுதிய நாவல் ஒன்றின் முன்னுரையில், வீட்டுப் பாசங்களைப் பற்றித் தான் முன்பு சொன்னதைத் திருத்திக்கொள்வதாக கொட்வின் ஒப்புக்கொண்டார். எந்தத் தர்க்கமும் அவரை மாற்றியதாக எமக்குத் தெரியவில்லை. ஒரு பிரேதமும் ஒரு கைக்குழந்தையும் மாற்றியிருக்கலாம்.

மறுபக்கத்தில் எமக்கு ராஜினி திராணகம இருக்கிறார். இங்கிலாந்தில் உயர்படிப்பை முடித்துவிட்டு யாழ்ப்பாணத்துக்குத் திரும்பியவர். மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் துறைக்குத் தலைவராக இருந்தவர். 'முறிந்த பனை'யை எழுதிய நால்வரில் ஒருவர். 1989 புரட்டாதி 21ஆம் திகதி வேலை முடிந்து சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது சுட்டுக் கொன்றார்கள். இரண்டு சிறு பெண்பிள்ளைகளின் தாய். 1987 தீபாவளியன்று யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் இந்திய இராணுவம் புகுந்தபோது நோயாளரோடும் தாதியரோடும் சேர்ந்து செத்த மூன்று வைத்தியர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வீடு இருந்தது. எமது கூட்டங்களில் இவர்களுடைய பெயர்களைச் சொல்லி, வெளியேறியவர்களைக் குத்துகிற ஒரு பழக்கம் உண்டு. நாமும் செய்திருக்கிறோம். இப்போது வெட்கமாக இருக்கிறது. இருந்து செத்தவர்கள் அதை எமக்குப் பொல்லாகத் தந்துவிட்டுப் போகவில்லை.

மானிப்பாயில் இருந்த கிறீன் வைத்தியரை யோசித்துப் பாருங்கள். அமெரிக்காவில், வூஸ்ரரில் பிறந்தவர். 1847இல் யாழ்ப்பாணம் வந்து பத்து வருடம், திரும்ப 1862இல் வந்து 1873 வரை. தமிழிலே வைத்தியம் படிப்பித்தார். 'இரண வைத்தியம்' என்று சத்திரசிகிச்சை நூலையே தமிழுக்குக் கொண்டுவந்தார். மதம் பரப்ப வந்தவர்தான், அதை மறைக்கத் தேவையில்லை. உடம்பு முடியாமல் 1873இல் குடும்பத்தோடு ஊருக்குத் திரும்பினார். அவர் போனபிறகு மானிப்பாயில் எத்தனை பேர் செத்தார்கள் என்று நாம் ஒருபோதும் கேட்டதில்லை. அவர் தந்த இருபத்தொரு வருடத்தை வரவில் வைக்கிறோம். எங்கள் டொக்ரரின் பதின்மூன்று வருடத்தை வரவில் வைக்காமல் மிகுதியைச் செலவில் எழுதுகிறோம். அந்நியன் தந்தால் அது தானம். எங்களவன் தந்தால் அது கடன் அடைத்தது.

இவ்வளவும் சொல்வதால் நாம் டொக்ரரை விடுவித்துவிட்டோம் என்று நினைக்கவேண்டாம். வந்தது பிழையில்லை என்றுதான் நாம் மூவரும், தமையன் உட்பட, நினைக்கிறோம். ஆனால் பிழையில்லாத காரியம் என்றால் அதில் கடன் ஒன்றும் மிஞ்சாது என்ற எண்ணம் எங்கேயிருந்து வந்தது? 'பிள்ளைகளுக்காகத்தான் வந்தோம்' என்பதை நாங்கள் எல்லோரும் சொல்லியிருக்கிறோம். விசா அலுவலகத்தில் சொன்னோம், ஊருக்கு எழுதிய கடிதங்களில் சொன்னோம், இரவில் எங்களுக்கே சொல்லிக்கொண்டோம். சொல்லச் சொல்ல அது காரணம் என்ற நிலையிலிருந்து ரசீது என்ற நிலைக்கு வந்துவிட்டது. கணக்குத் தீர்ந்தது என்று முத்திரை குத்திய ரசீது. டொக்ரர் அன்றைக்கு அந்த ரசீதை எடுத்து நீட்டவில்லை. திரும்பவும் அதே 1986 வந்தால் அவர் அதையேதான் செய்திருப்பார் என்று எமக்குத் தெரியும். அந்த வீட்டுக்குள் போனவர்கள் எவருக்கும் அதில் சந்தேகம் வராது. இருந்தும் 'ஓம்' என்றார். இரண்டையும் ஒரே ஆள் வைத்துக்கொண்டிருந்தார்.

எங்களுக்கும் அவருக்கும் வித்தியாசம் இருந்தது. எம்மில் ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார், ஒருவர் தபாற்கந்தோரில் இருந்தவர், ஒருவர் வந்தபோது மாணவன். நாம் வெளியேறியதால் யார் செத்தார்கள்? ஒருவருமில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். வாத்தியார் போனதால் படிக்காமற் போன பிள்ளைக்கு மரண அறிவித்தல் வருவதில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்த பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு வாத்தியார் குறைந்தால் அதை எந்த மணித்தியாலத்தில் அளப்பது? எங்கள் கடனுக்கு முகம் இல்லை. டொக்ரரின் கடனுக்கு முகம் இருந்தது, வயது இருந்தது, அது ஒருநாள் வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுக் கேள்வி கேட்டது.

இனிக் கல்வெட்டு. முதலில் எழுதிய பிரதியில் இந்தச் சம்பவத்தைச் சேர்த்திருந்தோம், பெயர் இல்லாமல். அவருடைய நேர்மைக்கு இதைவிட நல்ல சாட்சி எமக்குக் கிடைக்காது என்பது எமது எண்ணம். வாசித்துப் பார்த்தபோது தயக்கம் வந்தது. 'பிள்ளைகளுக்காக வந்தார், வந்ததால் ஒரு பொடியன் செத்தான்' என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் அந்தப் பாரம் யாருடைய தலையில் இறங்கும்? அன்று பதினைந்தும் பன்னிரண்டும் ஒன்பதுமாக இருந்த பிள்ளைகளின் தலையில். அவர்களை யாரும் கேட்டு விமானத்தில் ஏற்றவில்லை. தகப்பன் முப்பது வருடம் அவர்களிடம் சொல்லாமல் தானே சுமந்ததை, அவர் எரிந்து முப்பத்தோராம் நாள் நாம் அச்சடித்துக் கையில் கொடுப்பதா? கொட்வின் செய்ததும் கிட்டத்தட்ட இதுதானே.

எம்மில் இருவருக்குள் வாக்குவாதம் முற்றிவிட்டது. அப்போது தமையன் பேனையை எடுத்து அந்தப் பந்தியை வெட்டினார். வெட்டிய இடத்தில், மகள் கேட்ட வசனத்தை அவரே தன் கையால் எழுதினார். 'தம் பிள்ளைகளுக்காகவே வாழ்ந்தவர்.' நாம் பார்த்துக்கொண்டிருந்தோம். "ஏன் பாக்கிறியள்? அது உண்மைதானே" என்றார்.

அப்படியே அச்சாகியது.

பிறகு ஏன் இதை இங்கே எழுதுகிறோம்? கல்வெட்டு அவருடைய வீட்டுக்கு. இது எங்கள் எல்லோருக்கும் உரிய இடம் என்று நினைத்தோம். தமையனும் எழுதலாம் என்றார். ஆனால் மகளிடம் காட்டாமல் எழுதக்கூடாது என்பதில் மூவரும் உறுதியாக இருந்தோம். மாதங்கள் சென்றபின் இந்தப் பிரதியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். தமையனும் வந்தார். அவர்தான் அந்தத் தமையன் என்று நாம் சொல்லவில்லை. மகள் வாசித்துக்கொண்டு போகும்போது எமது முகங்களைப் பார்த்துத் தானே கண்டுபிடித்துவிட்டார்.

"அந்தத் தம்பியின்ரை பேர் என்ன?" என்று கேட்டார். சொன்னார். "திவசம் எப்ப?" அதையும் சொன்னார்.

பிறகு, "ஒரு பிழை இருக்குது. கல்வெட்டிலையும் பிழையாய்த்தான் அடிச்சது, நாங்களும் கவனிக்கேல்லை" என்றார். நாம் புரட்டாதியில் வந்ததாக எழுதியிருந்தோம். மேலே போய் ஒரு சீ.ஆர். கொப்பியைக் கொண்டுவந்தார். டொக்ரர் தான் செய்த ஒப்பரேஷன்களைத் திகதி போட்டு எழுதிவந்த கொப்பி. கடைசிப் பதிவு 1986 ஐப்பசி 22. பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை, குடல்வளரி. ரிக்கற் புரட்டாதிக்குத்தான் போட்டிருந்ததாம். கொழும்பிலிருந்து வேறொரு சத்திரசிகிச்சைக்காரரை அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்களாம். அவர் வரும்வரைக்கும் என்று இரண்டு தரம் திகதியை மாற்றினாராம். அம்மா அழுதது தனக்கு நினைவிருக்கிறது என்றார். அந்த ஆள் கடைசிவரை வரவில்லை.

இதையும் எழுதலாமா என்று கேட்டோம். யோசித்தார். "மாதத்தைத் திருத்துங்கோ. மற்றதை உங்கடை இஷ்டம். ஆனால் சாட்டு மாதிரி எழுதாதேங்கோ. அப்பா சாட்டுச் சொல்லேல்லைத்தானே" என்றார்.

ஆகவே மேலே ஐப்பசி என்று திருத்தியிருக்கிறோம். எழும்பும்போது தமையன் அந்தக் கொப்பியை ஒரு கிழமைக்குத் தரமுடியுமா என்று கேட்டார். மகள் ஒரு கடையின் பையில் போட்டுக் கொடுத்தார். அவர் இன்னும் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மகளும் கேட்கவில்லை.